ஒளிப்படமும் பல்கலைக்கழக வரலாறும்: அண்ணாமலைநகர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

தேவார ஏடுகள் தில்லைத் திருக்கோயிலின் ஓர் அறையுள் பூட்டுண்டு கிடந்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். அரசன் வேண்டியும் அறை திறக்கப்பெறவில்லை. ஏடு பாடிய மூவரும் வந்தாலன்றித் திறத்தல் இயலாது என்றனர் அதனைக் காத்தவர். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்த பின்னரே கதவு திறந்தது. திறந்தபோது ஏடுகளின்மேல் புற்று வளர்ந்திருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை அகற்றி, எஞ்சியவற்றை மட்டுமே எடுக்க முடிந்தது என்பது அந்நூல் தரும் செய்தி. இவ்வரலாற்றில் ஆராய்ச்சியாளர் ஐயுறும் கூறுகள் உண்டு. ஆயினும் அது உணர்த்தும் உண்மை ஒன்று ஐயத்திற்கு இடமற்றது. பூட்டிவைத்தல் வேறு, காத்தல் வேறு என்பதே அது.

அத்தில்லை நகருக்குக் கிழக்கே, இருப்புப்பாதைக்கு அப்பால், திருவேட்களத்தை ஒட்டி எழுந்தது அண்ணாமலைநகர். தில்லையில் துயிலுதற்கு அஞ்சிய ஞானசம்பந்தர் தங்கியிருந்து வழிபட்ட இடமென்று பெரியபுராணம் போற்றும் அத்தலத்தின் அருகே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றிற்று. அது வளர்ந்த காலம் ஒளிப்படக் கருவி நாட்டில் நன்கு பரவிவிட்ட காலமாகும். ஆகவே, அந்நகரின் வரலாற்றுக்குக் கல்வெட்டும் ஓலையும் சான்றாதல் இல்லை. அச்சிட்ட அறிக்கைகளும் ஒளிப்படங்களுமே சான்றுகளாகும். அறிக்கைகளை நாம் எடுத்தாளுகின்றோம். ஒளிப்படங்களையோ மலரின் முகப்பை அழகு செய்யும் அணியாக மட்டுமே கருதுகின்றோம். அவையும் மூலச் சான்றுகளே என்பதையும், அவற்றைப் படித்தற்குரிய முறை இன்னது என்பதையும், அவை அழியாது காக்கத்தக்க வழி யாது என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எழுதுதல் என்னும் சொல்

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் இக்கலைக்கு வழங்குகின்றன. முதற்சொல் மக்கள் வழக்கில் வேரூன்றியது. மூன்றாவது சொல்லோ பொருளுக்கு அணுக்கமானது. ஒளியால் எழுதுதல் என்பதே மேலைநாட்டார் இட்ட பெயரின் பொருளாதலின். தமிழில் 'எழுது' என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவாய் நிற்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஓவியத்தையும் எழுதினர் நம் முன்னோர், ஓலையையும் எழுதினர். படத்தை ஒருவகை ஏடாகக் கொள்ளும் கருத்துக்கு நம் மொழியே இடந்தந்து நிற்கின்றது.

இதனினும் சிறந்த சான்று பரிபாடலில் உள்ளது. அதன் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் கூறுமிடத்து, அங்கு வந்தோர் சுவரோவியங்களைச் சுட்டி இவர் யார் என்று வினவ, அறிந்தோர் இன்னார் என்று விடையிறுப்பதைக் காட்டுகின்றது. இரதியும் காமனும், அகலிகையும் இந்திரனும் கௌதமனும் அங்கு ஓவியமாய் நிற்கின்றனர். பார்ப்போர் அனைவர்க்கும் அவ்வுருவங்கள் தாமே விளங்கிவிடவில்லை. வினாவும் விடையும் உடன் இருந்தபொழுதே ஓவியம் பொருள் தந்தது. படத்துக்கு உரையாசிரியர் வேண்டும் என்னும் கொள்கையை இதனின்றும் பெறலாம். உரையற்ற படம், பொருள் விளங்காத சூத்திரத்தை ஒக்கும்.

3. படமும் பெயரும்: தென்னாட்டு முன்மாதிரிகள்

ஒளிப்படக் கலை உலகறிய வெளிப்பட்டது 1839ஆம் ஆண்டில். கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டை பிரெஞ்சுக்காரரால் தகர்க்கப்பட்டது 1758இல். இவ்விரண்டுக்கும் இடையே 81 ஆண்டுகள் கழிந்தன. ஆகவே, ஆங்கிலக் கும்பினியார் 1690இல் பெற்றுப் பேணிய அக்கோட்டையின் முழு உருவைக் காட்டும் ஒளிப்படம் இருத்தல் இயலாது. வரைபடங்களையும் எழுத்துக் குறிப்புகளையும் எஞ்சிய இடிபாட்டையும் கொண்டே அதனை உய்த்துணர வேண்டியுள்ளது. ஒளிப்படம் இல்லாத காலத்து வரலாற்றாசிரியன் படும் இடர்ப்பாட்டுக்கு இது நம் மாவட்டத்திலேயே அமைந்த எடுத்துக்காட்டாகும்.

சென்னை மாகாண அரசு 1856இல் லின்னேயசு டிரைப் என்னும் படைத்தலைவரை அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தியது. அவர் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் எடுத்த படங்கள் தென்னாட்டுக் கட்டடங்களின் நிலையைக் காட்டும் முதற்சான்றுகளுள் தலையாயவை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்து அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டை அவர் தொடர்ச்சியாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கு மேற்பட்ட நெடும்படமாக அமைத்தார். உல்ட்சு அக்கோயிற் கல்வெட்டுகளை அச்சேற்றத் தொடங்குதற்குப் பல்லாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. கல்வெட்டைக் கண்ணுற்றது போலவே அதன் படத்தை நோக்கிப் படிக்கலாம் என்பதைத் தமிழகத்தில் நிறுவிய முயற்சி இதுவே எனலாம்.

தில்லைக் கோபுரங்களின் கரணச் சிற்பங்கள் மற்றொரு சான்று. கீழைக் கோபுரத்தில் நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் கரணங்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. 1914ஆம் ஆண்டுக் கல்வெட்டறிக்கை அவற்றை அறிஞர் பார்வைக்குக் கொணர்ந்தது. மானவல்லி இராமகிருட்டிண கவி 1926இல் பரோடாவினின்றும் பதிப்பித்த நாட்டிய சாத்திர முதற்பகுதியில் அச்சிற்பங்கள் இடம்பெற்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையைச் சார்ந்த பி. வி. நாராயணசாமி நாயுடு மற்றிருவரோடு கூடித் தாண்டவ இலக்கணம் என்னும் நூலை 1936இல் வெளியிட்டார். பொருளியல் பேராசிரியர் ஒருவர் ஆடற்கலை நூலுக்கு ஆசிரியரானமைக்கு, கோபுரம் அவர்தம் நகருக்கு அருகில் இருந்ததும் ஒளிப்படக் கருவி கைக்கு எட்டியதும் காரணங்களாதல் கூடும். பின்னர், 1963இல் ஆர்ல் என்னும் அறிஞர் தில்லைக் கோபுரங்களைப் பற்றித் தனிநூலே இயற்றினார்.

இப்படங்கள் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டமைக்குக் காரணம் யாது? கரணத்தின் பெயர் கல்லிலேயே உடன் நின்றமைதான். இதற்கும் மேலாக, கிருட்டிணதேவராயர் எழுப்பிய வடக்குக் கோபுர வாயிலில் அக்கோபுரத்தைக் கட்டிய சிற்பியரின் உருவங்கள் செதுக்கப்பட்டு, அவர்தம் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் விருத்தாசலத்தாரும் உளர். பதினாறாம் நூற்றாண்டில் கோபுரம் கட்டிய தொழிலாளர்க்கு உருவும் பெயரும் ஒருங்கே கிடைத்தன. இச்செய்தியை மனத்திற்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

4. அண்ணாமலைநகர்: கட்டடங்களும் காலமும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சார்ந்த அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை 1920இல் நிறுவினார். அதனை அடுத்துத் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்விநிலையங்கள் எழுந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராய் இருந்தார். இந்நிலையங்களே பல்கலைக்கழகத்தின் வித்து. நிறுவனர் 20 இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தனர். சென்னை அரசும் உடனுதவிற்று. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தோன்றியது. முதல் துணைவேந்தர் எசு. ஈ. அரங்கநாதன். அவருக்குப்பின் 1935 முதல் 1940 வரை வி. எசு. சீனிவாச சாத்திரியார் அப்பதவியில் விளங்கினார். 1941இல் தமிழிசை மாநாடு அந்நகரில் கூடிற்று. 1945இல் பொறியியற் கல்வி தொடங்கிற்று. 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தால் பல்கலைக்கழகம் தமிழ்நாடு அரசின் ஆளுகைக்கு வந்தது.

தமிழ்த்துறையின் பெருமையோ தனித்து ஆராயத்தக்கது. 1931இல் சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். நாவலர் சோமசுந்தர பாரதியார், பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார், கா. சுப்பிரமணிய பிள்ளை, ரா. பி. சேதுப்பிள்ளை, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், வ. சுப. மாணிக்கனார் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் அங்குப் பணிபுரிந்தனர். இவர்தம் நூல்களை நாம் கற்கின்றோம். இவர்கள் எந்த அறையில் பாடம் நடத்தினர், மாணவர் தரையில் அமர்ந்தனரா, விசிப்பலகையில் அமர்ந்தனரா, கரும்பலகை எப்பக்கம் இருந்தது, வகுப்பில் பெண்மக்கள் எத்துணையர் என்னும் செய்திகளை எந்நூலும் கூறாது. ஒரு வகுப்பறைப் படம் கிடைப்பின் இவை அனைத்தும் ஒருங்கே விளங்கும். கல்விமுறையின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இவை சிறு செய்திகள் ஆகா.

கட்டடத்தின் படமும் அத்தகையதே. உறைவிடப் பல்கலைக்கழகம் என்பது சட்டத்தில் ஒரு சொல். நிலத்தில் அது விடுதி, உணவுக்கூடம், ஆசிரியர் இல்லம், நூலகம், விளையாட்டு வெளி என விரியும். எது முதலில் எழுந்தது, எது பின்னர் இணைந்தது, எந்த வயல் எந்த ஆண்டில் கட்டடமாயிற்று என்பதை ஒரே இடத்தினின்றும் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை அடுக்கி நோக்கினால் அறியலாம். கட்டடம் மாற்றியமைக்கப்பட்டபின் பழைய உருவுக்குப் படமே சான்று. மரங்களின் நிலையும் அவ்வாறே. 2011 திசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரைகடந்த தானே புயல் மாவட்டத்தின் மரங்களைப் பேரளவில் வீழ்த்தியது. அதற்கு முற்பட்ட படமும் பிற்பட்ட படமும் ஓரிடத்தையே இரண்டிடமாகக் காட்டும்.

5. காலம் அறியும் முறை

நாள் குறிக்கப்பெறாத படத்தின் காலத்தை எங்ஙனம் துணிவது? நூலாசிரியர் காலத்தை அகச்சான்று கொண்டு துணியும் முறையையே ஈண்டும் கையாளலாம்.

முதலாவது, ஊர்ப்பெயரும் ஆட்சிப்பெயரும். படத்தின் குறிப்பிலோ பெயர்ப்பலகையிலோ தென்னார்க்காடு மாவட்டம் என்றிருப்பின், கடலூர் மாவட்டம் தனியே அமைந்த 1993க்கு முற்பட்டதாதல் பெரும்பான்மை. சென்னை மாநிலம் என்றிருப்பின் 1969க்கு முற்பட்டதாகும்.

இரண்டாவது, கட்டடப்பெயர். சாத்திரி மண்டபம் என்று எழுதப்பட்ட குறிப்பு சாத்திரியார் பதவியேற்ற 1935க்கு முற்பட்டதாதல் இயலாது. ஆயின் குறிப்பின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு. பழைய படத்திற்குப் பிற்காலத்தார் புதுப்பெயர் எழுதியிருத்தல் கூடும். மூலமும் உரையும் ஒரே காலத்தன அல்ல என்பதை மறந்தாற்போல இதனை மறத்தல் பிழையாம்.

மூன்றாவது, எழுத்து வடிவம். இது தமிழ் மாணவர்க்கே சிறப்பாக உரிய கருவி. 'அண்ணாமலை' என்னும் பெயரில் 'ணா', 'லை' என்னும் இரண்டும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் வடிவு மாறிய எழுத்துகள். ணகரத்தோடு சுழி கூட்டி எழுதும் பழைய 'ணா'வும், முன்னே துதிக்கை போல் வளையும் பழைய 'லை'யும் பெயர்ப்பலகையில் காணப்படின், பலகை எழுதப்பட்டது சீர்திருத்தத்திற்கு முன்னர் என்று கொள்ளலாம். இதனிலும் இருவகை எச்சரிக்கை வேண்டும். பழைய பலகை சீர்திருத்தத்திற்குப் பின்னும் நெடுங்காலம் நின்றிருக்கும். ஆதலின் பழைய வடிவம் பலகையின் காலத்தைக் காட்டுமேயன்றிப் படத்தின் காலத்தை அறுதியிடாது. புதிய வடிவமோ 1978க்கு முன் இல்லை என்னவும் இயலாது; பெரியார் தம் குடியரசு இதழில் 1935 முதலே அதனைக் கையாண்டார். எனினும் ஒரு கல்வி நிறுவனத்தின் முகப்புப் பலகையில் புதிய வடிவம் காணப்படின், அப்படம் 1978க்குப் பிற்பட்டது எனத் துணிதல் பெரும்பாலும் தவறாகாது.

நான்காவது, போக்குவரத்தும் பிற பொருள்களும். சிதம்பரத்தின் வழிச் செல்லும் விழுப்புரம்–மயிலாடுதுறை இருப்புப்பாதை மீட்டர்கேசு நிலையினின்றும் அகலப்பாதையாக மாறி 2010இல் இயங்கத் தொடங்கிற்று. குறுகிய பாதை தோன்றும் படம் அதற்கு முற்பட்டதேயாம்.

இந்நான்கனுள் ஒன்று மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. இரண்டோ மூன்றோ ஒத்து நிற்பின் ஏற்றல் தகும். முரணின், எது பின்னர்ச் சேர்ந்தது என்று ஆராய்தல் வேண்டும். இடைச்செருகல் ஏட்டுக்கு மட்டும் உரியதன்று.

6. குழுப்படமும் இழந்த பெயர்களும்

கல்லூரிப் படங்களுள் மிகுதியும் காணப்படுவது ஆண்டிறுதிக் குழுப்படம். அதற்கென ஓர் இலக்கணம் உண்டு. நடுவில் தலைவர், இருமருங்கும் பதவி முறையில் ஆசிரியர், பின்வரிசைகளில் மாணவர், கீழே தரையில் இளையோர், ஓரத்தில் கைகட்டி நிற்கும் துறைப் பணியாளர். படத்தை ஒட்டிய அட்டையின் அடியில் அமர்ந்தோர், நிற்போர் என வரிசைப்படுத்தி, இடமிருந்து வலமாகப் பெயர்கள் அச்சிடப்பெறும். ஒரு துறையின் ஆட்சி முறையும் மதிப்பு முறையும் இவ்வமர்வு ஒழுங்கிலேயே விளங்கக் காணலாம்.

ஈண்டு என் பட்டறிவு ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிலையத்தின் பண்டகப் பகுதியில் தமிழ் வகுப்பொன்றின் குழுப்படத்தைக் கண்டேன். அதற்கு எவரோ அன்போடு புதுச்சட்டம் இட்டிருந்தனர். சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவேண்டி அட்டையின் அடிப்பகுதியை அறுத்திருந்தனர். பெயர்கள் போயின, முகங்கள் மட்டும் கண்ணாடிக்குள் பளிச்சென்று இருந்தன. காக்க முயன்றவரே அழித்தவரானார். அப்படத்தின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு, கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் சென்றேன். பின்வரிசையில் நின்ற இளைஞருள் ஒருவர் அவரே. முப்பதின்மருக்கு மேற்பட்டோருள் ஒன்பதின்மரை அவர் பெயர் கூறி இனங்காட்டினார். ஒருவர் முகத்தின்மேல் விரலை வைத்து நெடுநேரம் இருந்தவர், "பாடம் முழுவதும் என் பக்கத்திலேயே இருந்தவர் ஐயா, பெயர் வரவில்லை" என்றார். மற்றொரு நாள் வருமாறு பணித்தார். நான் மீண்டும் செல்வதற்கு ஏழு திங்கள் ஆயின. அப்பொழுது அவர் இல்லை. அறுத்த அட்டை ஒருமுறை பெயர்களை அழித்தது. என் காலத்தாழ்ச்சி இரண்டாம் முறை அழித்தது. இக்கட்டுரை எழுதத் தூண்டியது அவ்விழப்பே.

நடுகல்லில் வீரனுடைய பெயரையும் பெருமையையும் பொறித்த மரபினர் நாம். உருவை மட்டும் நிறுத்திப் பெயரை விடுதல் அம்மரபுக்கு ஒவ்வாது.

7. படம் கூறாதவை

ஒளிப்படம் பொய் கூறாது என்பர். அது முழு உண்மையையும் கூறாது என்பதே நேரிய கருத்து. கருவியை எத்திசையில் நிறுத்துவது என்பதை ஒருவர் முடிவு செய்கின்றார். பட்டமளிப்பு விழா, அடிக்கல் நாட்டு விழா, பெருமக்கள் வருகை ஆகியவற்றின் படங்கள் மிகுந்து கிடைக்கின்றன. கட்டடம் கட்டிய கொத்தர், சித்தாள், விடுதியில் சமைத்தோர், தோட்டம் பேணினோர் ஆகியோரின் படங்கள் கிடைத்தல் அரிது. பெயரோடு கிடைத்தல் அதனினும் அரிது. வடக்குக் கோபுரத்துச் சிற்பியருக்குக் கிடைத்த இடம், நம் காலத்துக் கல்விக் கட்டடங்களை எழுப்பியோர்க்கு வாய்க்கவில்லை. விழாப் படத்தின் ஓரத்தில் தற்செயலாய் அகப்பட்ட சாரமும் செங்கற் குவியலும் தலைச்சுமையோடு நிற்கும் பெண்ணும் ஆராய்ச்சியாளன் கருத்தூன்றி நோக்க வேண்டியவை. படத்தின் நடுவை எல்லோரும் நோக்குவர். வரலாறு பெரும்பாலும் ஓரத்தில் இருக்கின்றது.

8. அழிவும் காப்பும்

சிதம்பரமும் கடலூரும் கடலை அடுத்த ஊர்கள். உப்பங்காற்றும் ஈரமும் ஒளிப்படத்தின் பகை. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவைத் தருவது வெள்ளி நுண்துகள். அதனைத் தாங்கி நிற்பது விலங்கின் எலும்பு, தோல் முதலியவற்றினின்றும் செய்யும் ஒருவகைப் பசை. ஈரம் மிகின் பசை நெகிழ்ந்து பூஞ்சணம் படரும்; படங்கள் ஒன்றோடொன்றும் கண்ணாடியோடும் ஒட்டிக்கொள்ளும். செல்லும் வெள்ளிமீன் பூச்சியும் பசையையும் தாளையும் உண்ணும். மட்டமான உறையில் உள்ள கந்தகம் வெள்ளியை மங்கச் செய்யும். பழைய அசிட்டேட்டுப் படச்சுருள் சிதையும்போது காடி நாற்றம் வீசும். ஒரு சுருளின் கேடு அருகில் உள்ளவற்றையும் பற்றும். வண்ணப் படங்கள் இருளில் இருப்பினும் நாளடைவில் நிறம் மாறும்.

காக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. புதுவையில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தென்னாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்து, 1,60,000க்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்துள்ளது. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் துணையோடு தமிழகத்துப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களும் அந்நிறுவனத்தாரால் மின்படிகளாக்கப்பட்டன. கோயிலுக்கும் குடும்பத்துக்கும் செய்தது கல்விக்கூடத்துக்கும் செய்யத்தக்கதே. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அக்கட்டடப் படங்கள் இன்று அவ்விழப்பின் சான்றாய் நிற்கின்றன. நூல்கள் போனபின் கட்டடத்தின் படமும் இல்லையாயின், இழந்தது எது என்பதையே பிற்காலத்தார் அறியார்.

தமிழ்த்துறைகள் பெரும்பொருட் செலவின்றியே செய்யத்தக்கன சில உள. படத்தின் முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் படியெடுத்தல் வேண்டும். நிலைய முத்திரையும் கைக்குறிப்பும் அங்கேயே இருக்கும். அட்டையை அறுத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. குறிப்பெழுத வேண்டின் மையின்றி மென்கரிக்கோலால் பின்புற ஓரத்தில் எழுதுதல் தகும். பழைய குறிப்பு பிழையாயினும் அதனை அழியாது, திருத்தத்தைத் தனியே, திருத்தியவர் பெயரோடும் நாளோடும் எழுதுதல் வேண்டும். பாடவேறுபாடு காட்டும் பதிப்பாசிரியர் நெறி இதுவே. மின்படி எடுத்தவுடன் மூலத்தை எறிந்துவிடலாகாது. அச்சுநூல் வந்தபின் ஏட்டை ஆற்றில் விட்ட பிழையை மீண்டும் செய்தல் ஆகும். யாவற்றினும் முற்பட, முதியோர் வாழும்பொழுதே அவரிடம் படங்களைக் காட்டிப் பெயர்களைக் கேட்டெழுதல் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குழுப்படத்தை மேற்கொண்டு இதனைச் செய்யின், ஓர் ஆண்டில் ஒரு துறையின் வரலாறு உருப்பெறத் தொடங்கும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ஒளிப்படம் கல்வெட்டையும் ஏட்டையும் போல மூலச் சான்றாதலும், பெயரும் காலமும் இடமும் உடன் நின்றாலன்றி அச்சான்று பேசாமையும், ஊர்ப்பெயர், கட்டடப்பெயர், எழுத்து வடிவம், பிற பொருள்கள் ஆகியவை கொண்டு காலம் துணியலாம் என்பதும், படத்தில் இடம் பெறாதோரையும் ஆராய்ச்சி தேட வேண்டும் என்பதும் போதரும்.

தில்லையில் ஏடுகளின்மேல் புற்று வளர்ந்தபோது திறவுகோல் இல்லாமல் இல்லை, திறப்பார் இல்லை. இன்று படங்கள் சுவரிலும் பெட்டியிலும் இருக்கின்றன. அவற்றில் உள்ள முகங்களுக்குப் பெயர் கூறவல்லார் சிலரேனும் நம்மிடையே இருக்கின்றனர். திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியர் விரல் வைத்த அம்முகத்துக்கு உரியவர் பெயரை நான் இன்னும் தேடி வருகின்றேன். அறிந்தோர் கூறின், படத்தின் பின்புறத்தில் கரிக்கோலால் எழுதி வைப்பேன்.